ஊர் சேராத சாலைகள்

சாலை என்றதும் அது எந்த ஊருக்குப் போகிறது என்ற கேள்விதான் நமக்கு முதலில் எழுகிறது. அதர், ஆறு, நெறி, இயவு, சுரம், கவலை என வழியைக் குறிக்கப் பழந்தமிழில் எத்தனையோ சொற்கள் உண்டு. இச்சொற்களுக்கெல்லாம் அடியில் ஒரு பொதுவான நம்பிக்கை கிடக்கிறது. வழி என்பது ஓரிடத்தில் தொடங்கி மக்கள் வாழும் மற்றோரிடத்தில் முடிவது என்பதே அது. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே அந்த நம்பிக்கையின் மேல் எழுந்ததுதான். வழியின் மறுமுனையில் ஒரு வள்ளல் இல்லையென்றால் பாணனை எங்கே ஆற்றுப்படுத்துவது?

இத்தாலியின் வடமேற்கு மூலையில், பீட்மான்ட் மாநிலம் பிரான்சோடு எல்லை பகிர்ந்துகொள்ளும் மேற்கு ஆல்ப்ஸ் மலைகளில், இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கும் சாலைகள் இருக்கின்றன. பள்ளத்தாக்கின் கடைசிக் கிராமத்தைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்து, கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறி, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் மலைமுகட்டைப் பற்றிக்கொண்டு முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடி, வேறொரு பள்ளத்தாக்கில் இறங்கிவிடுகின்றன. இடையில் ஊர் கிடையாது, சந்தை கிடையாது. கோடையில் மாடு மேய்ப்போரின் கொட்டகைகளும் ஓரிரு மலைவிடுதிகளும் மட்டுமே உண்டு. பெரும்பாலும் தார் காணாத கப்பிச்சாலைகள் இவை. ஆயினும் ஒற்றையடிப் பாதைகள் அல்ல. வண்டி போகும் அகலமும், சுண்ணாம்புக் காரையின்றிக் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய தாங்குசுவர்களும், மழைநீர் குறுக்கே வழிந்தோடக் கல் பதித்த வடிகால்களும் தேர்ந்த பொறியாளர்களின் கைவேலையைக் காட்டுகின்றன.

அண்மை ஆண்டுகளில் இச்சாலைகளைத் தேடி ஒரு புதிய கூட்டம் வருகிறது. 'கிராவல் பைக்' எனப்படும் மிதிவண்டியில் வருபவர்கள் அவர்கள். பந்தய மிதிவண்டியின் வளைந்த கைப்பிடியும், அதைவிட அகன்ற டயரும் கொண்ட வண்டி அது. தார்ச்சாலையிலும் ஓடும், சரளைக்கல்லிலும் ஓடும். இதற்கென்று தனியாக முதல் உலகப் போட்டி 2022-இல் இத்தாலியின் வெனெத்தோ மாநிலத்தில் நடைபெற்றது. இவ்வண்டிக்காரர்கள் வேண்டுவது மூன்று. மோட்டார் வாகனங்களின் தொல்லை இருக்கக்கூடாது. ஏற்றம் நெடியதாக இருக்கலாம், மூச்சு முட்டும்படி இருக்கக்கூடாது. கண்ணுக்கு எட்டியவரை மலைகள் தெரியவேண்டும். மூன்றும் பீட்மான்டின் முகட்டுச் சாலைகளில் ஒருசேரக் கிடைக்கின்றன. எனவே பயணக் கையேடுகள் அவற்றை இயற்கையின் கொடை என்று புகழ்கின்றன.

நம் ஐயம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மலை இயற்கை, சாலை இயற்கை அன்று. அச்சாலையின் அமைதியும் இயற்கை அன்று என்பதே நம் துணிபு. ஊரே இல்லாத உயரத்தில், இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு நேர்த்தியாக, எங்கும் போய்ச் சேராத ஒரு சாலையை யார் போட்டார்கள்? எதற்காகப் போட்டார்கள்? பிறகு ஏன் கைவிட்டார்கள்?

*

மலைவழியின் பழைய எஜமானர் வணிகர். புரோவான்ஸ் கடற்கரையில் விளைந்த உப்பு மலையைக் கடந்து பீட்மான்ட் சமவெளிக்குப் போயாக வேண்டியிருந்தது. அங்கே உப்பு சமையலுக்கு மட்டும் தேவைப்பட்ட பொருளன்று. பாலாடைக்கட்டி செய்யவும், இறைச்சியைப் பதப்படுத்தவும், கால்நடைகளுக்குக் கொடுக்கவும் வேண்டும். உப்புக்கு வரி விதித்தே பல அரசுகள் தம் கருவூலத்தை நிரப்பிக்கொண்டன. நம் பெரும்பாணாற்றுப்படை உமணர்களின் உப்பு வண்டிகளை வரிசையாகக் காட்டுகிறது. உமணர் எருது பூட்டிய வண்டிகளில் சென்றார்கள் என்றால், ஆல்ப்ஸ் மலையின் உப்பு வணிகர் கோவேறு கழுதைகளின் முதுகில் மூட்டையேற்றிச் சென்றார்கள்.

இந்த வணிகரின் மனப்போக்கை உணர்த்த ஒரு சான்று போதும். மோன்விஸோ மலைக்கருகே, ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்தில், முகட்டையே குடைந்து ஒரு சுரங்கவழி செல்கிறது. சலுட்ஸோ என்ற சிற்றரசின் தலைவர் இரண்டாம் லுதோவிக்கோ வெட்டுவித்த அது 1480-இல் முடிவடைந்தது. நீளம் ஏறத்தாழ 75 மீட்டர்தான். ஆல்ப்ஸ் மலைத்தொடரில் தோண்டப்பட்ட முதல் சுரங்கவழி என்று அதனைக் குறிப்பிடுகின்றனர். பனி மூடிய கடைசி ஏற்றத்தைத் தவிர்த்து உப்பேற்றிய கழுதைகள் சில நாட்களேனும் கூடுதலாகக் கடந்துபோகட்டும் என்பதே நோக்கம். அதே நோக்கத்தின் தொடர்ச்சிதான், 1,871 மீட்டர் உயரமுள்ள தெந்தா கணவாயின் அடியில் 1882-இல் திறக்கப்பட்ட, மூன்று கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள சாலைச் சுரங்கம்.

வணிகருக்கு முகடு ஒரு தடை. அதை மிகக் குறுகிய இடத்தில், மிக விரைவாகக் கடந்துவிட வேண்டும். முடிந்தால் துளைத்துக்கொண்டு போய்விட வேண்டும். முகட்டின் மேலேயே நாற்பது கிலோமீட்டர் நடந்து செல்ல எந்த வணிகனுக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. ஆகவே, முகட்டோடு ஓடும் சாலையை வணிகன் கேட்டிருக்க முடியாது. அதைக் கேட்டவன் படைவீரன்.

*

1713-இல் ஏற்பட்ட உத்ரெக்ட் உடன்படிக்கை இப்பகுதியின் வரைபடத்தை மாற்றியது. சூசா, கிசோனே பள்ளத்தாக்குகளின் மேற்பகுதிகள் பிரான்சிடமிருந்து சவோய் அரசுக்கு வந்தன. பார்செலொனெட் பள்ளத்தாக்கு பிரான்சுக்குப் போயிற்று. மழைநீர் இருபுறமாகப் பிரிந்தோடும் முகடே இனி எல்லை என்று வகுத்துக்கொண்டார்கள். அதுவரை ஒரே மொழி பேசி, இருபக்கச் சரிவுகளிலும் ஆடுமாடு மேய்த்து, முகட்டைத் தாண்டிப் பெண் எடுத்துப் பெண் கொடுத்த மக்களுக்கு நடுவே ஒரு கோடு விழுந்தது. வணிகருக்குத் தடையாக இருந்த முகடு அரசருக்கு மதில் ஆயிற்று.

மதில் என்றால் காவல் வேண்டும். 1728-இல் கிசோனே பள்ளத்தாக்கில் ஃபெனெஸ்ட்ரெல்லே கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். மலைச்சரிவில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறிச்செல்லும் அக்கோட்டைக்குள் கூரையிட்ட ஒரே படிக்கட்டு உண்டு. அதில் ஏறத்தாழ 4,000 படிகள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதன் வேலை நடந்துகொண்டே இருந்தது.

அக்கோட்டைக்கு எதிரே உயரும் அஸ்ஸியெட்டா முகட்டில் 1747 ஜூலை 19 அன்று ஒரு போர் நிகழ்ந்தது. முகட்டில் கல்லும் மரமும் கொண்டு அவசரமாக எழுப்பிய அரண்களுக்குப் பின்னால் பீட்மான்ட் வீரர்கள் நின்றார்கள். கீழிருந்து பிரெஞ்சுப் படை ஏறியது. சில மணிநேரத்தில் பிரெஞ்சுத் தரப்பில் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். படைத்தலைவர் பெல்-ஈல் அரணின் மீது கொடி நாட்ட முயன்று உயிரிழந்தார். பதினான்காம் லூயியின் நிதியமைச்சராக இருந்து சிறையில் மடிந்த ஃபூக்கேயின் பேரர் அவர். முகட்டில் நிற்பவன் வெல்வான் என்ற பாடத்தை அந்த நாள் பீட்மான்டுக்குக் கற்பித்தது. அந்தப் பாடம் பிற்காலத்தில் இப்பகுதியின் சாலைகளிலெல்லாம் எழுதப்பட்டது என்று சொல்லலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் முகட்டுச் சாலைகள் பெருகின. 1881-இல் துனீசியாவைப் பிரான்சு கைப்பற்றியது, இத்தாலி சினமுற்றது, 1882-இல் ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் கூட்டணி சேர்ந்தது. உடனே மேற்கு ஆல்ப்ஸ் எல்லையில் கோட்டைகள் எழுந்தன. அவற்றுக்குப் பீரங்கி ஏற்றவேண்டும். 1872-இல் உருவான 'ஆல்பீனி' எனப்படும் மலைப்படை கோவேறு கழுதைகளோடு அங்கே நிலைகொண்டது. ஒரு கோட்டையிலிருந்து அடுத்த கோட்டைக்குப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறாமல் மேலேயே நகர்ந்து செல்லவேண்டும் என்ற தேவைக்காக முகட்டுச் சாலைகளை வெட்டினார்கள்.

மிதிவண்டிக்காரர் இன்று போற்றும் ஒவ்வொரு நலத்துக்கும் அன்று ஒரு படைக்காரணம் இருந்தது. ஏற்றம் சீராக இருப்பதற்குக் காரணம், பீரங்கியை இழுக்கும் விலங்கு வழியில் நின்றுவிடக்கூடாது என்பது. வளைவுகள் அகலமாக இருப்பதற்குக் காரணம், நீண்ட பீரங்கி வண்டி திரும்பவேண்டும் என்பது. பல இடங்களில் சாலை முகட்டின் உச்சியில் ஓடாமல் சற்றுக் கீழே ஒரு பக்கச் சரிவில் ஒதுங்கி ஓடுவதற்குக் காரணம், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவன் கண்ணில் படக்கூடாது என்பது. ஊர்கள் இல்லாததற்குக் காரணம், அச்சாலை ஊருக்காகப் போடப்படவே இல்லை என்பது.

செஸ்த்ரியேரேயிலிருந்து அஸ்ஸியெட்டா கணவாய் வழியாகச் செல்லும் சாலை இவற்றுள் புகழ்பெற்றது. அதன் பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேலே ஓடுகிறது. தெற்கே லிமோனேயிலிருந்து மோனெஸிவரை லிகூரிய எல்லையை ஒட்டி ஓடும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சாலையும் அத்தகையதே. பிரெஞ்சு எல்லையில் 3,130 மீட்டர் உயரமுள்ள ஷபெர்தோன் சிகரத்தின் தலையைச் சமப்படுத்தி எட்டுப் பீரங்கிக் கோபுரங்களை நிறுத்தினார்கள். அந்த உச்சிவரைக்கும் ஒரு வண்டிச்சாலை போனது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

*

இத்தனை ஆயத்தத்துக்குப் பிறகு வரலாறு என்ன செய்தது? 1915-இல் இத்தாலி போரில் இறங்கியபோது பிரான்சின் பக்கமே நின்றது. மேற்கு எல்லைக் கோட்டைகளின் பீரங்கிகள் பலவற்றைக் கழற்றி ஆஸ்திரியப் போர்முனைக்கு எடுத்துச் சென்றார்கள். முப்பது ஆண்டுகளாக எந்தப் பகைவனுக்காகச் சாலை போட்டார்களோ அவன் நண்பனாகிவிட்டான்.

முசோலினியின் காலத்தில் அவன் மீண்டும் பகைவனானான். 1930-களில் பழைய சாலைகளைச் செப்பனிட்டுப் புதிய காப்பரண்களைக் குடைந்தார்கள். 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போர் அறிவித்தது. பாரிஸ் ஏற்கனவே வீழும் தறுவாயில் இருந்தது. ஜூன் 21 அன்று கணவாய்களில் பெருந்தாக்குதல் தொடங்கியது. 24 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. அந்தச் சில நாட்களில் இத்தாலியத் தரப்பில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2,000-க்கும் மேற்பட்டோர் பனிக்கடியால் பாதிக்கப்பட்டனர். ஜூன் மாதத்தில், நல்ல காலணிகூட இல்லாமல் அவர்களைப் பனிமலையில் ஏற்றியிருந்தார்கள். ஷபெர்தோனின் எட்டுக் கோபுரங்களில் ஆறினைப் பிரெஞ்சுப் பீரங்கிகள் ஒரே நாளில் செயலிழக்கச் செய்தன. அரைநூற்றாண்டுக் காலம் ஆயத்தம் செய்த முகட்டுப் போர் நான்கு நாட்களில் முடிந்தது.

பிறகு 1947-இல் பாரிஸ் சமாதான உடன்படிக்கை வந்தது. தெந்தா, பிரிகா ஆகிய ஊர்களும் ஷபெர்தோன் சிகரமும் பிரான்சுக்குச் சென்றன. தெந்தா கணவாயின் மேல் பிரான்சுக்கு எதிராக இத்தாலி கட்டிய கோட்டைகள் பிரான்சின் மண்ணிலேயே நிற்கலாயின. பிரெஞ்சு எல்லையை ஒட்டிய இத்தாலியக் கோட்டைகளை அழிக்கவோ அகற்றவோ வேண்டும், எல்லையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் புதியவற்றைக் கட்டக்கூடாது என்றும் உடன்படிக்கை விதித்தது. அச்சாலைகளைப் பேணப் படைக்கு இனிக் காரணமில்லை. அவை ஊருக்குப் போகாதவை என்பதால் மற்றவர்களுக்கும் பெரிய காரணமில்லை. தார் போடாமல் விட்டார்கள். இன்றைய மிதிவண்டிக்காரர் அனுபவிக்கும் சரளைக்கல்லின் வரலாறு இவ்வளவுதான். ஓர் உடன்படிக்கை அதைச் சரளைக்கல்லாகவே விட்டுவைத்தது.

*

ஆனால் சாலை மட்டும் வெறிச்சோடவில்லை; பள்ளத்தாக்கும் வெறிச்சோடிற்று. இதைப் பேசாமல் அந்த மலைகளின் அமைதியைப் பேசுவது நேர்மையாகாது.

குனேயோ நகரில் 1919-இல் பிறந்தவர் நூத்தோ ரெவெல்லி. ஆல்பீனிப் படையில் அதிகாரியாக ரஷ்யப் போர்முனைக்குச் சென்றவர். 1943 ஜனவரியில் தோன் ஆற்றங்கரையிலிருந்து பின்வாங்கிய அந்தப் பேரழிவில், இவ்வூர்ப் பள்ளத்தாக்குகளின் இளைஞர்களைக் கொண்டு திரட்டிய குனேயென்ஸே படைப்பிரிவு கிட்டத்தட்ட முழுதாக அழிந்தது. உயிர்பிழைத்து ஊர் திரும்பிய ரெவெல்லி, பாசிசத்துக்கும் ஜெர்மானியருக்கும் எதிரான கெரில்லாப் படையில் சேர்ந்தார். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து ஒலிப்பதிவுக் கருவியோடு மலைக்கிராமங்களுக்குச் சென்றார். அங்கே மிஞ்சியிருந்த முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்தார். 1977-இல் வெளியான அந்த நூலுக்குத் 'தோற்றவர்களின் உலகம்' என்று பெயர் வைத்தார். அம்மலைகளின் பெண்களுடைய சொற்களைத் தொகுத்து 1985-இல் மற்றொரு நூலையும் வெளியிட்டார்.

ரெவெல்லி பதிவு செய்த உலகம் இரண்டு விதமாக அழிந்தது. ஒன்று போர். மற்றது தூரின் நகரத்து ஆலைகள். மலைச்சரிவில் உருளைக்கிழங்கும் கம்புத்தானியமும் விளைவித்து, குளிர்காலத்தில் பிரான்சுக்குக் கூலிவேலைக்குச் சென்று வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆலை வேலைக்கு இறங்கிச் சென்றார்கள். திரும்பி வரவில்லை. கூரை சரிந்த வீடுகளும், மரம் முளைத்த வயல்படிகளும் எஞ்சின. முகட்டுச் சாலைக்குக் கீழே உள்ள பல சிற்றூர்களில் இன்று கோடைக்காலத்தில் மட்டுமே கதவு திறக்கிறது. மலை ஏறுகிறவருக்கு அது இனிய தனிமை. அங்கே வாழ்ந்தவருக்கு அது வேறொன்று.

விலங்குகளும் இந்தக் கணக்கில் சேரவேண்டும். பீரங்கியையும் அரிசியையும் தபாலையும் காயமுற்றவரையும் சுமந்த கோவேறு கழுதைகளை இத்தாலியப் படை 1993-இல் ஏலம் விட்டுக் கலைத்தது. அவற்றின் நடைக்கு ஏற்ப அளந்து போட்ட சாலையில் அவை இன்று இல்லை.

*

மிதிவண்டிக்காரரை நாம் குறைசொல்லவில்லை. இச்சாலைகளுக்கு வாய்த்த பிற்கால வாழ்வுகளில் இதுவே சிறந்தது என்பதே நம் எண்ணம். கைவிடப்பட்ட சாலைக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று, பராமரிப்பின்மை. ஒரு வடிகால் அடைத்தால் நீர் சாலைமீது பாயும். இரண்டு மழைக்காலத்தில் சாலை ஓடையாகிவிடும். ஷபெர்தோன் சாலை இன்று பல இடங்களில் சரிந்து கிடக்கிறது. வண்டியைத் தோளில் சுமந்துதான் உச்சிக்குப் போகவேண்டும். மற்றொரு பகை, அளவுக்கு மீறிய பயன்பாடு. ஜீப்புகளும் மோட்டார் சைக்கிள்களும் இச்சாலைகளைக் கண்டுபிடித்தன. கழுதையின் குளம்புக்குப் போட்ட கப்பியை அவற்றின் சக்கரங்கள் பெயர்த்தெறிந்தன.

இங்கேதான் 'போக்குவரத்து இல்லாத சாலை' என்பதன் உண்மைப் பொருள் விளங்குகிறது. அஸ்ஸியெட்டா சாலையில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் புதன், சனி ஆகிய இரு நாட்களின் பகல்பொழுதில் மோட்டார் வாகனங்களை அனுமதிப்பதில்லை என்று விதி வகுத்தார்கள். லிமோனே–மோனெஸி சாலையில் மோட்டார் வாகனங்களுக்குக் கட்டணமும் எண்ணிக்கை வரம்பும் விதித்ததோடு, வாரத்தில் இரண்டு நாட்களை நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்கினார்கள். ஆக, அமைதி தானாக வரவில்லை. உள்ளூர் ஆட்சியினர் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. ஆண்டுதோறும் பனி உருகியபின் சரிந்த கற்களை அகற்றி, வடிகாலைத் தோண்டி, சுவரை மீண்டும் அடுக்கும் கைகள் அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கின்றன. 2020 அக்டோபரில் வீசிய அலெக்ஸ் புயல் தெந்தா கணவாய்க்குக் கீழுள்ள ரோயா பள்ளத்தாக்கைச் சிதைத்து, அதன் சாலைகளையும் சுரங்கவழியையும் அறுத்தது. புதிய சுரங்கம் திறக்க 2025 ஜூன் ஆயிற்று. மலைச்சாலை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கப்பிச்சாலையைக் கப்பிச்சாலையாகவே காக்கலாம் என்ற எண்ணத்தை இத்தாலிக்கு ஊட்டியதில் மிதிவண்டிக்குப் பங்குண்டு. 1997-இல் டஸ்கனியின் கயோலே என்ற ஊரில் 'எரோயிகா' என்னும் மிதிவண்டி விழாவைத் தொடங்கினார்கள். அப்பகுதியின் வெள்ளைச் சரளைச் சாலைகள் தாருக்கு அடியில் மறைந்துவிடக்கூடாது என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2005-இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயம் முதன்முறையாக ஃபினெஸ்த்ரே கணவாயில் ஏறியது. ஃபெனெஸ்ட்ரெல்லே கோட்டையைச் சூசா பள்ளத்தாக்கோடு இணைத்த பழைய படைவழி அது. 2,178 மீட்டர் உயரமுள்ள அதன் கடைசி எட்டு கிலோமீட்டர் இன்றும் சரளைதான். 2018-இல் கிறிஸ் ஃப்ரூம் அந்தச் சரளையில் தனியே பிரிந்து, மீதமிருந்த ஏறத்தாழ 80 கிலோமீட்டரைத் தனியாகவே ஓட்டிப் பந்தயத்தைக் கைப்பற்றினார். அன்று முதலிடத்தை இழந்து மிகப் பின்தங்கிய சைமன் யேட்ஸ், 2025-இல் அதே ஏற்றத்தில்தான் முன்னேறிப் பந்தயத்தை வென்றார். கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் கண்ட அந்தப் புழுதி, அச்சாலை தார் காணாதிருப்பதே சிறப்பு என்று உள்ளூராரையும் நினைக்கவைத்தது.

*

நமக்கு உள்ள ஒரே மனக்குறை பெயரைப் பற்றியது. லிமோனே–மோனெஸி சாலைக்கு இன்று வழங்கும் பெயர் 'உப்பின் உயர்வழி'. அழகான பெயர். இந்த மலைகளின் வழியாக உப்பு சென்றதும் உண்மை. ஆனால் உப்பு வழிகள் முகட்டைக் குறுக்கே வெட்டிக் கடலிலிருந்து சமவெளிக்குச் சென்றவை. முகட்டின் நெடுகே ஓடும் இந்தச் சாலையைப் போட்டது பீரங்கி. பீரங்கி என்று சொன்னால் பயணி வரத் தயங்குவார் என்று கருதியோ, உப்பில் ஒரு பழமையின் மணம் இருக்கிறது என்று கருதியோ இப்பெயரை வைத்திருக்கலாம். எவ்வாறாயினும், பெயர் மாறும்போது சாலையைப் போட்டவர்களின் நினைவும் மாறிவிடுகிறது. அடுக்கிய கற்களைப் பார்த்து 'எவ்வளவு பழைய வணிக வழி' என்று வியந்து செல்லும் ஒருவர், அக்கற்களை அடுக்கிய சிப்பாயையும், 1940-இல் அவ்வாறான வழிகளில் ஏறிப் பனிக்கடிபட்டுக் கால்விரல் இழந்த இளைஞனையும் அறியாமலே இறங்கிவிடுகிறார்.

இலக்கியம் பயின்ற நாம் பெயர்களை எளிதாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. பாலை என்று தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வளம் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் நமக்குக் கற்பித்திருக்கிறது. குடியும் மந்தையும் நிறைந்திருந்த ஒரு குறிஞ்சி, எல்லைக்கோட்டாலும் போராலும் ஆலைக்கூலியாலும் வளம் திரிந்ததன் மேல்தான் இன்றைய அமைதி நிற்கிறது. அந்தச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டுகிறவர் இதற்காக வருந்தவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. லிமோனேயிலும் செஸ்த்ரியேரேயிலும் விற்கும் பயணக் கையேடுகளில், ஏற்றத்தின் அளவும் விடுதியின் விலாசமும் அச்சிடும் பக்கத்தில், இந்தச் சாலை எந்த ஆண்டுகளில் யாருக்கு எதிராகப் போடப்பட்டது என்று ஒரு வரியும், கீழேயுள்ள ஊரில் ஒரு காலத்தில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது என்று ஒரு வரியும் சேர்த்தால் போதும்.